ஒரே நோய், உங்களுக்கும் எனக்கும்

அக்கா,

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் இன்று காலை யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள். தோலின் காரமான வாசம் என் இருக்கைவரை வந்தது. கொண்டைஊசி வளைவுகளில் குமட்டாமல் இருக்க ஆரஞ்சுத் தோலைக் கைக்குட்டையில் மடித்து மூக்கருகே வைத்துக்கொள்வது உங்கள் வழக்கம். திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது என்று தெரிந்திருந்தும் திரும்பினேன்.

கோயம்புத்தூருக்கு, நம் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கான நாள். கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. மேடு ஏறினால் கால் கனக்கிறது. விரல் மூட்டுகள் வலிக்கின்றன. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்க்கிறேன். அறை வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலிலும் பார்க்கிறேன். "என்னம்மா பாக்கறே?" என்று மகள் கேட்டால், தூசி என்கிறேன்.

முதன்முதலில் கண் மஞ்சளானபோது நான் இவ்வளவு பயப்படவில்லை. கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். காமாலை வந்து தேறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை அரைத்துக் குடித்தேன், பத்தியம் இருந்தேன். மஞ்சள் இறங்கியது. பிறகு முன்பைவிட மோசமாக ஏறியது. கோயம்புத்தூர் டாக்டர் "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டபோது பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் ஊர் திரும்பும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

விலா இடுக்கில் ஊசி இறக்கி, ஈரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த ஈரலையே தாக்குகிறதாம். எதனால் என்று கேட்டேன். டாக்டர் கையை விரித்தார். "மாத்திரையால அடக்கி வைக்கலாம்மா. அடியோட போயிடும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். என் உடம்பிடமிருந்து நான் எங்கே ஓடி ஒளிவது என்று மட்டும்தான் தோன்றியது. பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு அந்தப் பக்கம், மடியில் துணிப்பையோடு ஒரு மனிதர்.

"ஏனுங்க, புதுசுங்களா?" என்றீர்கள்.

தலையசைத்தேன்.

"எனக்கும் இதேதானுங்க. குந்தாவுல இருந்து வர்றோம். இவரு என்ற ஊட்டுக்காரரு, பவர் ஹவுஸ்ல வேலை." அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வியை முன்பின் தெரியாத உங்களிடம் கேட்டேன். "நான் செத்துப் போயிருவனாங்க?"

"சே சே" என்று நீங்கள் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தீர்கள். "அது எனக்குத் தெரியாதுங்க. போயிருவேன்னுதான் நானும் நெனச்சேன். பல வருசமாச்சு, இன்னும் பஸ் ஏறி வந்துட்டுத்தான் இருக்கேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் உங்களை நம்பினேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நம் இருவருக்கும் டாக்டர் சீட்டு ஒரே நாளில் விழும்படி பார்த்துக்கொண்டோம். நீங்கள் 'வாங்க போங்க'விலிருந்து 'அம்மிணி'க்கு வந்தீர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை என் முகத்தை ஊதவைத்தது. கன்னங்கள் வீங்கி எனக்கே நான் வேறு யாரோவாகத் தெரிந்தேன். ஆபீஸில் "நல்லா பூசினாப்புல ஆயிட்டீங்க" என்பார்கள். தூக்கம் போனது. ஒன்றுமில்லாததற்கு மகள்மேல் எரிந்து விழுந்தேன். அதையெல்லாம் போனில் உங்களிடம் கொட்டினால், "அது நீயில்ல அம்மிணி, மாத்திரை. ஆனா டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லு" என்பீர்கள்.

இந்த நேரத்தில்தான் என் கணவர் அந்தப் பொடியைக் கொண்டுவந்தார். நோயாளிகளுக்கு உதவும் குழு என்று சொல்லிக்கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தார். அங்கே ஒருவர், தன் பொடியைச் சாப்பிட்டால் ஈரல் புதிதாக முளைக்கும், இங்கிலீஷ் மாத்திரைகளை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று பேசி அனுப்பியிருந்தார். கணவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரும் உடைந்துபோயிருந்தார். எனக்குமே ஆசையாக இருந்தது. உங்களுக்குப் போன் செய்து சொன்னேன். "எதுவும் பண்ணிராத. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் நல்ல மழை. குந்தாவிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கோத்தகிரி, அங்கிருந்து எங்கள் ஊர் என்று பஸ் மாறி மாறி, நனைந்த சேலையோடு வாசலில் வந்து நின்றீர்கள். பின்னால் குடையோடு உங்கள் கணவர். வெந்நீர்கூட வாங்கிக்கொள்ளாமல் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, வீங்கிய காலை விரலால் அழுத்திக் காட்டினீர்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"தம்பி, இதைப் பாருங்க. மாத்திரை ஆரம்பிச்சு, டெஸ்ட்டெல்லாம் நல்லா வந்துச்சு எனக்கு. அப்பத்தான் ஒருத்தர் சொன்னாருன்னு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு சூரணம் சாப்பிட்டேன். உள்ள இருந்தது சத்தமில்லாம மறுபடி கெளம்பிருச்சுங்க. தெரியறப்ப ஈரல் பாதி தழும்பாப் போச்சு. அந்தத் தழும்பு திரும்பாதுங்க. உங்களுக்கு எந்தச் சந்தேகம்னாலும் டாக்டர்கிட்டயே போய்ச் சண்டை போடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். என் கணவர் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பொடி டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டார். அடுத்த முறை டாக்டரிடம் அவரே கூட வந்து எல்லாவற்றையும் கேட்டார். டாக்டர் வேறொரு மாத்திரையைச் சேர்த்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார். மெல்ல மெல்ல என் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

உங்களுக்கோ வயிற்றில் நீர் கோத்தது. மாற்று ஈரல் பற்றிப் பேச்சு வந்தபோது உங்கள் உடம்பு அந்த ஆபரேஷனைத் தாங்கும் நிலையைக் கடந்திருந்தது. குந்தா குவார்ட்டர்ஸுக்கு ஒரு நாள் உங்களைப் பார்க்க வந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எப்ப வந்தே? பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றீர்கள். நான் யாரென்று தெரியவில்லை. ஈரல் வடிகட்ட முடியாத நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது என்று உங்கள் கணவர் சன்னமாகச் சொன்னார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதது உங்களுக்காக மட்டும் இல்லை அக்கா. இந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பேன், மகள் எதிரே நிற்பாள், அவளை எனக்கு அடையாளம் தெரியாது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துபோனதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். நீங்கள் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து வந்தபின் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், "அக்காவுக்கு ஆனதுதான் எனக்கும் ஆகுமாங்க?" அவர் அவசரப்படவில்லை. "நோய் ஒண்ணுதான்மா. உங்க ஈரல்ல அவ்வளவு தழும்பு இல்லை. மாத்திரைக்கு நல்லாக் கட்டுப்படுது. அதுக்கு மேல வாக்குக் குடுக்க முடியாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

இன்று மத்தியானம் முடிவு வந்தது. எண்கள் ஏறியிருக்கின்றன. ரொம்ப இல்லை, ஆனால் ஏறியிருக்கின்றன. மாத்திரையைக் கூட்டி எழுதி, சீக்கிரமே மறுபடி வரச் சொன்னார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி மேட்டுப்பாளையம் வந்தேன் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் அடித்தது. உங்கள் எண்.

"நாந்தானுங்க" என்றார் உங்கள் கணவர். இத்தனை வருடங்களில் என்னிடம் பத்து வார்த்தைகூடச் சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். "இன்னைக்கு டெஸ்ட்டுன்னு தெரியும். அவ இருந்தா கேட்டிருப்பா. என்ன சொன்னாங்க?"

சொன்னேன்.

"பயமா இருக்குங்களா?"

"ஆமாங்கண்ணா. ரொம்ப."

"எனக்கும் அத்தன வருசமும் பயந்தானுங்க. ஒரு நாள்கூட அவகிட்டச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தாவது பயந்திருப்போம். உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிருங்க. அடுத்த டெஸ்ட்டு என்னைக்குன்னும் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்."

பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்தேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு எண்கள் ஏறியிருப்பதைச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும்தான்" என்றார்.

பயம் போகவில்லை அக்கா. ஆனால் அதை மறைத்துவைக்கும் வேலை இன்று எனக்கு இல்லை. உங்களால் கிடைத்த அண்ணா குந்தாவிலிருந்து இனி கூப்பிடுவார். என் கணவர் அடுத்த முறை என்னோடு பஸ் ஏறுவதாகச் சொல்லி, இப்போதே லீவு கேட்டுவிட்டார்.