மாமாவின் ஃபிளாஸ்க்கில் என்ன?

மார்ச் 3

மாமா இன்றும் ஃபிளாஸ்க்கோடு வந்தார். அம்மாவின் தம்பி; லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அவருக்குக் கண்ணில் படும் இலையெல்லாம் மருந்து. பச்சையாக, கெட்டியாக ஒரு கஷாயம். முதலில் தானே ஒரு மடக்கு குடிப்பார். "விஷம்னா மொதல்ல நான் போறேன்க்கா." மிச்சத்தை அம்மா மதியம் குடிப்பதற்கு வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

கஷாயமா, சாயமா?

மார்ச் 9

ஆஸ்பத்திரியில் இன்று ட்ரிப்ஸ் ஏற்றவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியில்லையாம். அது சரியானால்தான் அடுத்த மருந்து. "வேற ஏதாவது மூலிகை எடுக்குறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லையே," என்றாள் அம்மா. கண்கூடச் சிமிட்டவில்லை. நான் பொய் சொன்னால் மட்டும் வாசலிலேயே பிடித்துவிடுவாள்!

தம்பியைக் காப்பாற்றுகிறாள். அவளை யார் காப்பாற்றுவது?

மார்ச் 10

"மாமா, இதுல என்னென்ன இலை?"

"குடுத்தவர் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

"சொன்னா ஃப்யூஸ் போயிடுமா?"

"வாயாடி! உங்கம்மாவுக்கு ஏத்துற ட்ரிப்ஸே மரப்பட்டையிலேருந்து வந்ததுதான். போய்க் கேளு."

அளக்கிறார். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டைப் பதினோராவது மாடிக்கு ஏற்றினேன் என்கிற ஆள்.

மார்ச் 11

மாமாவின் கஷாயத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன். ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்காரர், "ஆமாம்மா, மொதல்ல ஒரு மரத்தோட பட்டையிலதான் கண்டுபிடிச்சாங்க," என்றுவிட்டார்!

"ஆனா அதுல எது வேலை செய்யுதுன்னு தனியா பிரிச்சு, எவ்வளவு குடுத்தா கட்டி சுருங்கும், எவ்வளவு குடுத்தா ஆளே சுருங்கிடுவாங்கன்னு வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க. உங்க மாமா கொண்டு வர்றதுல எது, எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? டாக்டர்கிட்ட சொல்லிடு."

சொன்னால் அம்மாவின் பொய் வெளியே வரும். மாமாவோடு சண்டை வரும். சொல்லாவிட்டால்—

மார்ச் 12

செய்துவிட்டேன். மாமா படியிறங்கியதும் கஷாயம் சிங்க்கில். ஃபிளாஸ்க்கில் கீரை வேகவைத்த தண்ணீர். போன வருஷம் குறும்புக்காக அப்பாவின் செருப்பைப் பசை போட்டுத் தரையில் ஒட்டவைத்த அன்று வந்த சிரிப்பில் கால்வாசிகூட வரவில்லை.

மார்ச் 13

அம்மா குடித்தாள். சப்புக்கொட்டினாள். டம்ளரை உற்றுப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தாள். ஏன்?

மார்ச் 17

மரப்பட்டையில் மருந்து இருந்தது என்றால் இந்த இலையிலும் இருக்கலாம்தானே? ஐயோ, நான் சிங்க்கில் கொட்டுறது எதைன்னு எனக்கே தெரியலையே. மாமாவை நம்ப முடியல. இப்போ என்னையும் நம்ப முடியல.

மார்ச் 18

பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனதாம். மாமா மதியமே வந்துவிட்டார். அம்மாவின் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

"என்னக்கா, கசக்கவே இல்ல?"

அம்மா டம்ளரைப் பிடுங்கினாள். "உனக்குச் சளிடா. நாக்கு செத்துப்போச்சு."

மாமா ஒரு தும்மல்கூடப் போடவில்லையே! எந்தச் சளி?

மார்ச் 23

கல்லீரல் சரியாகிவிட்டது. இன்று ட்ரிப்ஸ் ஏறுகிறது. "பார்த்தியா, என் கஷாயம்!" என்று மாமா வராந்தாவில் குதித்தார்.

உள்ளே அம்மா டாக்டரம்மாவிடம் தானாகவே சொன்னாள்: "அன்னிக்கு மறைச்சுட்டேன். தம்பி ஒரு கஷாயம் குடுத்தான். பத்து நாளா அது என் வாய்க்கு வரல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

டாக்டரம்மா மாமாவை உள்ளே கூப்பிட்டார். வெகுநேரம் பேசினார். வெளியே வந்த மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காதைத் திருகினாள். "அதுல ஒரு சிட்டிகை உப்பாவது போட்டிருக்கலாம்லடி?"

மார்ச் 25

மாமா வந்தார். அதே ஃபிளாஸ்க். நான் பாய்ந்து பிடுங்கித் திறந்து முகர்ந்தேன். வெறும் வெந்நீர்.

"தண்ணி நிறைய குடிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றார் அம்மாவிடம். முதலில் தானே ஒரு மடக்கு குடித்தார்.

நானும் ஒரு மடக்கு வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சும்மா நம்பிவிடுவேனா?