காணையில் பார்த்த நீல ரூபாய்

ஜூன் 9, திங்கள்

விழுப்புரத்தில் நாணயம் விற்கிற விருத்தாசலம் அண்ணனிடம் ஒரு வெள்ளி ரூபாய் வாங்கினேன். 1918, ஜார்ஜ் ராஜா. எடைக்குப் போட்டால் ஆயிரத்து இருநூறு தேறும். நான் கொடுத்தது ஒன்பதாயிரம். மீதியெல்லாம் நிறத்துக்கு. பல வருஷம் கை படாமல் கிடந்த வெள்ளியில் தானாக ஏறுகிற நிறம் — நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு.

வீட்டுக்காரர் தென்னரசு பார்த்துவிட்டு, "கறை புடிச்ச காசுக்கு ஒம்பதாயிரமா? என்னை ஒருநாளாவது இப்படிப் பாத்துக்கீறியா?" என்றார். பார்க்கிற மாதிரி இருந்தால் பார்க்கலாம்.

அடுப்பில் சுட்டு நிறம் ஏற்றி விற்கிறவனுங்களும் இருக்கானுங்க. என்னிடம் அந்தப் பருப்பு வேகாது.

எனக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். ஓரம் முழுக்க வட்டமாக நீலம் ஏறின ரூபாய். நாலு வருஷமாகத் தேடுகிறேன். சீட்டு எடுத்த நாற்பதாயிரம் அதற்காகவே பீரோவில் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

கிடைச்சிடுச்சு!

நம்ம பேன்ஸி ஸ்டோருக்கு வளையல் வாங்க வந்த ஒரு அம்மா சொன்ன விலாசம். திண்டிவனத்திலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பு போடுகிற வீடு, கெங்கம்மாள் என்று பேர். பழைய ரசீதுத் தாளில் மடித்த ஒற்றை ரூபாய். பிரித்தேன். ஓரம் முழுக்க மயில் கழுத்து நீலம்.

முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டு, "பன்னெண்டாயிரம் தர்றேம்மா" என்றேன்.

"இந்த அழுக்கு ரூபாய்க்கு எதுக்கும்மா அவ்ளோ?"

"பழசு, அதான்."

நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் விலை ஏறிவிடும். வியாபாரம் தெரிந்தவள் நான்.

பணத்தை நீட்டினால் வாங்க மாட்டேங்கிறாங்க. "இன்னிக்கி வெள்ளிக்கெழம. வெள்ளிய வீட்ட வுட்டு அனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கினு போ. பணத்த மட்டும் செலவு பண்ணிடாத, மோட்டாருக்குக் காயில் கட்டணும்."

சரி, ரெண்டு நாள்தானே.

ஜூன் 14, சனி

கடையில் ரெண்டு பேருக்கு மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன். மனசெல்லாம் காணையில்.

ஜூன் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

தட்டில் வெற்றிலை வைத்து அதன்மேல் ரூபாயை வைத்துக் கெங்கம்மாள் நீட்டினாங்க. பளபளன்னு. கடையில் அடுக்கின புது எவர்சில்வர் மாதிரி.

"விபூதி போட்டு நல்லா தேச்சி வச்சிருக்கேன். அவ்ளோ பணம் குடுக்கறவங்களுக்கு அழுக்கா குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அய்யோ! அழுகையே வந்துடுச்சு எனக்கு. "ஏம்மா தேச்சீங்க? அந்த நிறத்துக்குத்தாம்மா பன்னெண்டாயிரம்! இப்ப இது வெறும் எடைக்குத்தான் போவும்!" — கத்தியே விட்டேன்.

கெங்கம்மாள் முகம் சுருங்கிப்போச்சு. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாங்க:

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா தொட்டிருப்பனா?"

ரெண்டாயிரம் மூணாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். நூறு வருஷத்து நிறம் ஒரு சிட்டிகை விபூதியில் போய்விட்டது. தேய்த்தது அவங்களா, நானா?

சொன்ன சொல் சொல்தான் என்று பன்னிரண்டாயிரத்தையும் தட்டில் வைத்தேன். ஆறாயிரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தாங்க. "தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். ஆளுக்குப் பாதி." மோர் குடிக்கச் சொன்னாங்க. குடிச்சேன்.

ஜூன் 17, செவ்வாய்

தென்னரசுவிடம் சொன்னேன். "அப்பாடா, கறை போச்சா?" என்றார். பாவி மனுஷன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடை வாசலில் அட்டை மாட்டினேன்: பழைய வெள்ளி ரூபாயைத் தேய்க்காதீர்கள். நிறத்துக்குத் தனி விலை தரப்படும்.

ஜூன் 20, வெள்ளி

விருத்தாசலம் அண்ணன் போனில் கத்தினார். "தொழில் ரகசியத்த இப்டி போர்டு போட்டு வச்சா எப்டிம்மா? நாளைக்கி ஆளாளுக்கு விலைய ஏத்திடுவாங்க! பெரிய பேஜாரா பூடும்!"

"ஏத்தட்டும்ணா. தேய்க்காம வச்சிருந்தாப் போதும்."

என் கண்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆளை ஏமாற்றித்தான் நல்ல காசு வாங்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?

ஜூலை 6, ஞாயிறு

நேற்று கெங்கம்மாளே போன் செய்தாங்க. ஓமந்தூரில் அவங்க அக்கா மகள் பானுப்ரியாவிடம் ஒரு ரூபாய் இருக்கிறதாம். "தொடாதடின்னு சொல்லி வச்சிருக்கேன். நானும் வர்றேன், வா."

போனேன். பானுப்ரியா விரலே படாமல் டப்பாவோடு நீட்டினாள். ஓரம் முழுக்க, ஒரு இடம் விடாமல், நீலம். காணையில் பார்த்ததைவிட ஆழம்.

"முப்பதாயிரம்" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் மனசில் வைத்திருந்தது பதினைந்து. கெங்கம்மாளைப் பார்த்தேன். அவங்க வேறு பக்கம் பார்த்துக்கினு இருந்தாங்க.

எண்ணிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷத்தில் பேரம் பேச யாருக்கு வாய் வரும்?

பஸ்ஸுக்கு நிற்கும்போது கெங்கம்மாள் மெதுவாகக் கேட்டாங்க. "காணையில இன்னும் நாலு வூட்ல கீது. தேய்க்காதீங்கன்னு அவங்களுக்கும் சொல்லிடட்டா?"

"இன்னிக்கே சொல்லிடுங்கம்மா."

"வெலையயும் சொல்லட்டா?"

"வெலையயும் சொல்லுங்க" என்றேன்.