எத்தனை நாளா ஜுரம்

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் கிளறித் தெர்மாமீட்டரைத் தேடினேன். கையில் கிடைத்தது பழைய கம்பெனியின் அடையாள அட்டை. நீல நாடா அழுக்கேறிக் கறுத்திருக்கிறது. அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள், நீ கத்தரிக்கோலால் வெட்டிச் செருகிய அந்த ஒற்றை மாத்திரை இன்னும் இருக்கிறது. இந்நேரம் அது கெட்டுப் போயிருக்கும். ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மணி எட்டே கால். பதினோரு மணிக்கு எனக்குக் கவுன்சிலிங்.

"பைத்தியம் புடிச்சிருச்சா பாப்பா?" என்று கேட்பாய் நீ. என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள், ஆனால் ஹாஸ்டலில் முதல் நாளிலிருந்தே உனக்கு நான் பாப்பா. பைத்தியம் இல்லை. தூக்கம் போய்விட்டது. சோறு இறங்குவதில்லை. அந்தக் கம்பெனியை விட்டு ஜூஜுவாடிப் பக்கம் வேறொன்றுக்கு மாறியும், லைனில் நிற்கும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஓசூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அந்தக் கவுன்சிலிங் இடம். மூன்று தடவை போயிருக்கிறேன். காவேரிப்பட்டினத்திலிருந்து அம்மா கல்யாணப் பேச்சோடு போன் செய்வதைப் பற்றியும், சூப்பர்வைசர் கத்துவதைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது தடவை கவுன்சிலிங் மேடமே கேட்டார், யாராவது இறந்துபோனார்களா என்று. "கூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி" என்றேன். பஸ்ஸில் ஒரு நாள் பார்த்தவளைச் சொல்வதுபோலச் சொன்னேன். அடுத்த முறை அவளைப் பற்றிப் பேசலாமா என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறையும் காலையில் போன் செய்து ஜுரம் என்று சொல்லி நின்றுவிட்டேன். இரண்டும் பொய். இன்றைக்கு நிஜமாகவே வந்திருக்கிறது, யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை. உன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று உடம்பே கட்டிவிட்ட கதையோ என்றுகூடத் தோன்றுகிறது. புது மாத்திரை ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்தில் நெற்றி ஆறிவிடும், போய்விடலாம். ஆனால் அங்கே பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சிக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார வேண்டும். நெற்றியை ஆற வைத்து ஆளை ஏமாற்றும் வித்தை நமக்குப் புதிதா என்ன?

கம்பெனியில் நம் பயிற்சி வருடத்தில் நமக்குத் தெரிந்த பெரிய வித்தையே அதுதான். லீவு போட்டவள் பெயர் நிரந்தர வேலைப் பட்டியலில் வராது. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நெற்றிக்கு நேராக ஜுரம் பார்க்கும் அந்தத் துப்பாக்கியைப் பிடிப்பார், அது சத்தம் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கம்பெனி பஸ் ஏறும்போதே மாத்திரை, இறங்கும்போது நெற்றியில் ஈரக் கர்ச்சீப். அதற்கும் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய்: "நம்ம மாத்திரை நம்மகிட்டயே இருந்தா சும்மா தலைவலிக்கெல்லாம் முழுங்கிடுவோம். உன்னோடது என் கார்டுல, என்னோடது உன் கார்டுல."

உனக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் என் கார்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் கொடுத்தேன். உன் ஊர் தேன்கனிக்கோட்டையில் யானை இறங்கி உங்கள் ராகியை மறுபடி மிதித்திருந்தது. இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று உன்னைவிட நான் பயந்தேன். ஐந்து நாள், ஐந்து ஷிப்ட். ஐந்தாம் நாள் சாயங்காலம் உன்னால் படி ஏற முடியவில்லை. தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"எத்தனை நாளா ஜுரம்?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"நேத்துல இருந்துதான் சார்" என்றேன் நான்.

ஐந்து நாள் என்று சீட்டில் எழுதிவிட்டால், அது கம்பெனிக்குப் போய்விட்டால், ஜுரத்தோடு வேலை செய்தது தெரிந்துவிடும் என்று பயம். யாரும் அந்தச் சீட்டைக் கேட்டிருக்கப் போவதில்லை. ஒரு நாள் காய்ச்சல்தானே, குறையாவிட்டால் இரண்டு நாள் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்று அனுப்பினார். வெளியே வந்ததும் நீ என் கையை அழுத்தி, "நல்லா சமாளிச்ச பாப்பா" என்றாய். அறைக்கு வந்து புது மாத்திரைப் பட்டையில் ஒன்றை வெட்டி என் கார்டில் செருகினாய். "நாளைக்குக் குடு."

மறுநாள் நீ எழுந்திருக்கவில்லை. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு, ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப இருந்தும்மா ஜொரம் இருந்துச்சு, நீ கூடத்தான இருந்த?" என்று கேட்டார். தெரியலம்மா என்று சொன்னேன். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் இன்னும் சாப்பிடுகிறேன்.

ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "மறுபடியும் ஜுரமாங்க?" என்று இழுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு மேடமே வாங்கிப் பேசினார். வர வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றவர், எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"எத்தனை நாளா ஜுரம்?"

"நேத்துல இருந்துதான் மேடம்."

இந்த முறை அது உண்மை. ஆனால் அன்றைக்கு டாக்டரிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். போனை வைக்க முடியவில்லை.

"அவளுக்கு அஞ்சு நாள் மேடம்" என்றேன்.

"யாருக்கு?"

இரண்டு வருடமாக வாயில் வராத உன் பெயரைச் சொன்னேன். மாத்திரை, கேட், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. முன்பு நான் மட்டும் அறிந்த ஒன்றை இப்போது இன்னொருவரும் அறிந்திருக்கிறார், அவ்வளவுதான். முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், மாலை நானே கூப்பிடுகிறேன் என்றார் மேடம். சரி என்றேன்.

மாத்திரை எதுவும் போடவில்லை. நெற்றி சுட்டபடியேதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிவிடுவேன். தேன்கனிக்கோட்டை பஸ் ஏறி உன் அம்மாவிடம் அந்த ஐந்து நாளைச் சொல்லத்தான் கால் வரவில்லை. எப்போதாவது வருமா என்றும் தெரியவில்லை. நாளைக்குக் குடு என்று நீ கொடுத்ததை மறுபடி அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டேன்.