ராயப்பன்பட்டி ஏலத்தில் ஒரு பிடி மண்

பிப். 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் பிரயோஜனமில்லை. இன்றும் நாளையும் தேர்வு அறையில் காவல் நிற்க வேண்டும். ராயப்பன்பட்டியில் செலின் அக்கா வயலில் அமுக்கரா மூலிகைப் பறிப்பு இன்றைக்கே. ஆள் கிடைத்த நாள்தான் பறிப்பு நாள். என் வசதிக்கு நிற்குமா?

எனக்கு அந்த வயல்தான் வேண்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் பூராவும் வேரழுகல், செடிகள் சாய்ந்து கிடக்கின்றன. இந்தப் பக்கம் செலின் அக்காவின் செடிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கின்றன. அதே விதை, அதே தண்ணீர். வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்தான் காவல் என்பது என் கட்சி. கைடு மேடத்தின் கட்சி: "கதை சொல்லாத நசீமா, பிளேட்ல வளத்துக் காட்டு." இந்த மாத ரிவ்யூவுக்குள் காட்டாவிட்டால் ஆராய்ச்சியில் இந்த அத்தியாயமே கிடையாது. வேறு தலைப்பு, இன்னொரு வருஷம், அதே ஹாஸ்டல் சாம்பார்.

மதியம் போனில் செலின் அக்கா: "கொஞ்சம் செடி போதும்ல? நல்லதாப் பாத்து நாளைக்கு பஸ்ஸுல குடுத்து விடுறேன் பாப்பா. கவலப்படாத."

பாதிப் பாரம் இறங்கியது.

பிப். 4, புதன்

சாயங்காலம் பெரியகுளம் பஸ் ஸ்டாண்ட். கண்டக்டர் மஞ்சப்பையை நீட்டினார். வாழை இலைக்குள் அமுக்கரா வேர்கள். கழுவி, துடைத்து, மயிர் வேரெல்லாம் கிள்ளி, பளபளவென்று! ஒரு பொட்டு மண் இல்லை. எனக்கு வேண்டியதே வேரில் ஒட்டிய மண்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கண்டக்டர் வேறு: "என்னம்மா, சரக்கு சொத்தையா?"

அக்காவுக்குப் போன். "மண்ணோட குடுத்தா எடைக்குச் சேத்துட்டோம்னு யாவாரிக சொல்லுவாக பாப்பா. நம்ம புள்ள படிப்புக்காச்சேன்னு நானே உக்காந்து கழுவுனேன்."

எப்படித் திட்டுவது? 'மண்ணோடு' என்று நானும் சொல்லவில்லை. வேருக்குள் இருக்கும் உயிர்கள் கிடைக்கலாம். ஆனால் அழுகலோடு சண்டை நடப்பது வேருக்கு வெளியேதான் என்பதல்லவா என் வாதம். வயலுக்கே போகலாம் என்றால் டிராக்டர் ஓட்டி, எருப் போட்டு, தண்ணீரும் பாய்ச்சியாயிற்று. மக்காச்சோளம் போடப் போகிறார்களாம். போச்சு.

டீ. இரண்டு வடை. துக்கத்துக்குத் தனியாக ஒரு வடை.

ஹாஸ்டலுக்குள் நுழையும்போது அக்காவிடமிருந்து மறுபடி போன். "ஏ பாப்பா, கெபியில ரெண்டு செடி இருக்கு!" முதலில் பிடுங்கிய செடிகளை மாதா கெபியில், கோயில் முன்னாலிருக்கும் அந்தக் கல் குகையில், காணிக்கை வைத்திருக்கிறார்கள். இலையோடு, வேரோடு, மண்ணோடு. யாவாரிக்குக் கழுவியது, மாதாவுக்குக் கழுவாதது. "மாதாவுக்கு அவுக குடுத்தத அப்படியேதான் வைக்கணும்."

சிக்கல் ஒன்று. காணிக்கையைத் திருப்பி எடுக்கக் கூடாது. ஞாயிறு பூசை முடிந்து ஏலம் விடுவார்கள். வேண்டுமென்றால் ஏலத்தில் கேட்க வேண்டும்.

"ஈரச் சாக்கு மட்டும் சுத்தி வைங்கக்கா. கழுவிராதீக!"

பிப். 8, ஞாயிறு

வெயில், ஆனால் காற்று நன்றாக இருந்தது. உத்தமபாளையம் வீட்டிலிருந்து கிளம்பினேன். கொண்டுபோனவை: ஐஸ் பெட்டி, ஸ்பிரிட், புதுக் கவர், கையுறை, அம்மா கட்டித் தந்த இட்லி. அத்தா வாசல்வரை வந்து, "கோயில் ஏலத்துக்கா? நல்ல சேவல் வந்தா விட்டுறாத."

கெபிக்கு முன்னால் கூட்டம். முதலில் வாழைத்தார், பிறகு சேவல் (சோனி, அத்தாவுக்கு ஆகாது), பிறகு என் அமுக்கரா. நான் கேட்டேன். பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கூட்டிக் கேட்டது. அந்தோணி சார், ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டர். நான் ஏற்ற, அவர் ஏற்ற, ஏலம் விடும் கோயில் உபதேசியாருக்கு வாயெல்லாம் பல். செலின் அக்கா என் காதில், "விடாத பாப்பா!" என் பர்ஸ் விட்டுவிட்டது. செடி சாருக்குப் போயிற்று.

வெட்கத்தை விட்டு நேராகப் போய்க் கேட்டேன்.

"முட்டி வலிம்மா. வேரைப் பால்ல போட்டுக் குடிக்கலாம்னு வந்தேன். காலேஜ் புள்ள இம்புட்டு ஏத்துதேன்னு நானும் விடல. விசேஷமான செடி போலன்னு நெனச்சேன்."

"வேர் உங்களுக்கே சார். ஒட்டியிருக்கிற மண்ணும் மயிர் வேரும் மட்டும் தாங்க."

மேலும் கீழும் பார்த்தார். "மண்ணுக்கா எங்கூட மல்லுக்கட்டுன?"

சார் செடியை அட்டென்ஷனில் பிடிக்க, நான் கவரில் தட்டினேன். கூட்டமே குனிந்து பார்த்தது. ஒரு பிடி தேறியது. சந்தோஷத்தில் இட்லியை மறந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப். 11, புதன்

மண்ணைக் கரைத்துத் தடவிய பிளேட் எல்லாம் திருவிழா. பால் வெள்ளை, மஞ்சள், காவி. ஒன்றின் மூடியைத் திறந்தாலே மழை விழுந்த மண் வாசம். மாதாவிடமிருந்து வந்தவை என்பதால் மா-1, மா-2, மா-3, மா-4 என்று பெயர். பக்கத்து வயலின் அழுகல் பூஞ்சை முன்பே ஃபிரிட்ஜில் சுகமாக இருக்கிறது. புது பிளேட்டுகளில் அதை ஒரு ஓரம், இவர்களில் ஒருவரை எதிர் ஓரம் வைத்தேன். கழுவி வந்த வேர்களில் கிடைத்தவற்றையும் தனியாக வைத்தேன். இனி பொறுமை. எனக்கு வராத ஒரே பாடம்.

பிப். 19, வியாழன்

பனி குறைந்துவிட்டது. நாளை ரிவ்யூ.

மற்ற பிளேட்டில் எல்லாம் பூஞ்சை தாராளமாகப் படர்ந்திருக்கிறது. கழுவின வேர்க் கூட்டமும் தோற்றது. மா-4 பிளேட்டில் பூஞ்சை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது! நடுவே பிறை மாதிரி வெற்றிடம். மா-4 வைத்த மற்ற பிளேட்டுகளிலும் அப்படியே. லேபிலேயே குதித்தேன். மேடம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "வயல்லயும் காட்டணும். ஆனா அத்தியாயம் இருக்கட்டும்."

இருக்கட்டும்! செலின் அக்காவுக்குச் சொன்னேன். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது போல. அந்தோணி சார் போன் செய்தார்.

"மண்ணுல என்னமோ இருக்காமே?"

"ஆமா சார். அழுகலைத் தடுக்கிற உயிர். முட்டி எப்படி இருக்கு?"

"அது கெடக்கு." குரல் ஏறியது. "வெறும் வேர என் தலையில கட்டிட்டு, நல்லத நீ கொண்டுபோயிட்டியே! அடுத்த பறிப்புல மண்ணுக்குத்தான் ஏலம் கேப்பேன், பாத்துக்க."