ஒரு கையில் அம்மாவின் சைக்கிள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அம்மா நலம், நானும் தாடையைத் தவிர மற்றபடி நலம். அந்தத் தாடையைப் பற்றி அம்மா போனில் உன்னிடம் சொன்னது சுத்தப் பொய். நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை, சைக்கிளில் இருந்து விழுந்தேன், அதுவும் ஒரு சைக்கிளில் இருந்து இல்லை, இரண்டு சைக்கிளில் இருந்து. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, பாதியில் மாப்பிள்ளையிடம் நீட்டிவிடாதே, நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன், அந்தக் கோபத்தில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

போன மாதம் நீ அம்மாவை அங்கே வந்து இருக்கச் சொன்னாய். உனக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, மாப்பிள்ளைக்குப் பாதி நாள் வெளியூர், குழந்தையை யாரிடம் விடுவது என்று அழுதாய். அவள் பார்க்கலாம் கண்ணு என்றாள். அவள் உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தையல் கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் தைத்த சட்டையைப் புரட்டிப் புரட்டி நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்த்தவள், இப்போது ஒரு முழு வரிசை மெஷினுக்கு அவள் சொன்னதுதான் சட்டம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். கம்பெனி வேன் ஷிப்ட் முடிந்ததும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும், சூப்பர்வைசர் மட்டும் அடுத்த ஷிப்டுக்குக் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரமுடியும். பஸ்ஸில் வரலாம் என்றால் அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். யார் ஓட்டிய பஸ் தெரியுமா, நான் ரிட்டயர் ஆகும் வரை ஓட்டினேனே அதே பஸ். வயிறு எரிகிறது.

அதனால் அவள் நடந்து வந்தாள். கோடவுன்களுக்குப் பின்னால் விளக்கே இல்லாத ரோட்டில், நாய்களுக்குப் பயந்து கையில் குடையை வைத்துக்கொண்டு, கால் வீங்கி செருப்பு வாரைக் கழற்றவே முடியாமல் வந்து நிற்பாள். காலையில் சைக்கிளில் போய் சாயங்காலம் அதிலேயே வந்தால் என்ன என்று நீ கேட்பாய். சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள், கேட்டுக்கு வெளியே விட்டால் சாயங்காலம் போய்ப் பார்க்கும்போது பூட்டு மட்டும் கிடக்கும், இரண்டு பேருக்கு அப்படி ஆகிவிட்டது. நான் போய் என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அழைத்து வருகிறேன் என்றேன். ஒரு நாள் உட்கார்ந்தாள். கேட்டில் நின்ற பெண்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்களாம், மூட்டை மாதிரி பின்னாடி உக்காந்து வர்றவ நாளைக்குக் காலைல என்ன அதிகாரம் பண்ணமுடியும் என்று அம்மா என்னைக் கேட்டாள், அதோடு சரி. மேனேஜர் மாதக் கடைசிக்குள் சொல்லுங்க, முடியாட்டி வேற ஆளைப் போட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. என் சைக்கிளில் ஏறிக்கொண்டு, இடது கையால் அவள் சைக்கிளைப் பிடித்துக் கூடவே ஓட்டிக்கொண்டு போகவேண்டியது, வரும்போது ஆளுக்கொரு சைக்கிளில் வரவேண்டியது. என்ன பெரிய வித்தை, இவ்வளவு நீளப் பஸ்ஸைச் சந்தில் திருப்பினவன் ஒரு காலி சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேனா என்று நினைத்தேன். பாப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சைக்கிளுக்கு உயிர் இருக்கிறது. நான் நேராகப் போனால் அது வடக்கே பார்க்கிறது. அதைத் திருப்பலாம் என்று ஹேண்டில்பாரை முறுக்கினால் அது திரும்பாமல் என்னைத் திருப்புகிறது. இடது பக்கம் வளைந்தால் அதன் பெடல் என் கெண்டைக்காலில் இடிக்கிறது, வலது பக்கம் வளைந்தால் கையை விட்டுப் போகப் பார்க்கிறது. கூடையில் ஒன்றுமே இல்லாமல் கடகடவென்று சத்தம், சின்னக் கல்லில் ஏறினாலும் மணி தானாக அடிக்கிறது, ரோட்டில் போகிறவர்கள் நான் வழி கேட்கிறேன் என்று ஒதுங்கி நின்று முறைக்கிறார்கள். உன் அம்மாவின் சைக்கிள் உன் அம்மாவைப் போலத்தானே இருக்கும் என்று கண்டக்டர் மாமா சொன்னார், அதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவைக்காதே.

கண்டக்டர் மாமாவை நான்தான் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன், அது என் புத்தி. என்னோடு அதே பஸ்ஸில் அத்தனை காலம் நின்ற மனுஷன், சும்மா ஓரமாக நில்லும், யாராவது குறுக்கே வந்தால் சொல்லும் என்றேன். மூடிக்கிடக்கும் தியேட்டருக்கு முன்னால் காலி இடம் இருக்கிறதே, அங்கே தினமும் காலையில் பழகினோம். முதலில் நான் அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது தப்பு, நடுவில் கழுத்துப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. பஸ் ஓட்டின பழக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டே ஓட்டினேன், அதுவும் தப்பு, உரசுகிற மாதிரி பக்கத்திலேயே வைத்துக்கொண்டால்தான் சொன்னபடி கேட்கிறது. ஒரு வழியாகப் பிடிபட்டு, ஒரு சுற்று முழுசாகச் சுற்றி வந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணி லாரி பின்னாலேயே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்தது. நிறுத்து டிரைவரே என்று வாயால் சொல்லலாம் அல்லவா, அந்த மனுஷன் பையில் இருந்து விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். ரிட்டயர் ஆகியும் விசிலைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். ஒரு விசில் கேட்டால் நிறுத்தவேண்டும் என்று என் உடம்பில் ஊறிக்கிடக்கிறது, மூளையைக் கேட்கவில்லை, கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. இருந்தது வலது கை மட்டும், அதில் இருப்பது முன்சக்கரத்துப் பிரேக். என் சைக்கிள் நின்றது, அவள் சைக்கிள் நிற்காமல் போனது, நான் இரண்டுக்கும் நடுவில் தாடையால் தரையைத் தொட்டேன். லாரிக்காரன் எப்போதோ தானாகவே நிறுத்தியிருந்தான்.

தாடையில் தையல் போட்டார்கள். உன் அம்மா டியூட்டி முடிந்து வந்து, என் மூஞ்சியை விளக்குக்குப் பக்கத்தில் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, தையல் ஒரே சீராக இல்லை, நானாக இருந்தால் இதைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள். நீங்க கையைக் காலை ஒடச்சுக்கிட்டு உக்காந்தீங்கன்னா அதுக்கு வேற நான் லீவு போடணும், போதும், திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன், பாப்பாகிட்ட போய் இருந்துடறேன், அவளுக்காவது உபயோகமா இருக்கும் என்றாள். பீரோ மேலே இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தாள். மறுநாள் பார்த்தால் அது மறுபடி பீரோ மேலேயே இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி கீழே. கேட்டால் என்ன சொல்வாள், மகள் கூப்பிட்டால் போகாமல் இருக்கமுடியுமா என்பாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸை நிறுத்தினவன் மேலே, விசில் மேலே, உன் மேலே, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சைக்கிள் மேலே. சைக்கிள் கடைக்காரரிடம் போய் வலது கைப் பிரேக்கைப் பின்சக்கரத்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். கண்டக்டர் மாமாவை வரவேண்டாம் என்றேன், விசிலைப் பிடுங்கி வைத்தாலும் அவர் வாயாலேயே ஊதுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடம் சொல்லாமல் இரண்டு சைக்கிளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடம் தாண்டி, மரக்கடை தாண்டி, பெட்ரோல் பங்க் தாண்டிப் போய்விட்டேன், பாப்பா, விழாமல். ரவுண்டானாவில் மட்டும் என்னால் முடியவில்லை, இறங்கி இரண்டையும் தள்ளிக்கொண்டு கடந்தேன், பின்னால் வந்த பஸ்காரன் ஹார்ன் அடித்தான், அவனுக்கு என்னை யாரென்று தெரியாது. கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் கேட்டால், அம்மா இப்பதான் போனாங்க, குறுக்கு வழியில என்கிறார். நான் மெயின் ரோட்டில் வந்தேன், அவள் கோடவுன் பக்கமாக நடந்து போய்விட்டாள். இவ்வளவு பாடும் பட்டு வந்து காலி கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப இரண்டு சைக்கிளையும் ஓட்டிக்கொண்டு வரவேண்டும், வேறு என்ன செய்வது.

வீட்டுக்கு வந்தால் அவள் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் ஆளையும் காணோம், சைக்கிள்களையும் காணோம் என்று கிலியில் இருந்திருக்கிறாள். கொஞ்சம் நின்று வந்தால் குடியா முழுகிவிடும் என்று நான் கத்தினேன், யார் உங்களை வரச் சொன்னது என்று அவள் கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு. அப்புறம் ஈரக் காலோடு எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் சைக்கிளைச் சட்டையைப் பார்ப்பது போலவே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். தள்ளிட்டு வந்தீங்களா, ஓட்டிட்டு வந்தீங்களா என்று கேட்டாள். ஓட்டித்தான் வந்தேன் என்றேன். ரவுண்டானாவுலயுமா என்றாள். அங்கே மட்டும் இறங்கினேன் என்று உண்மையைச் சொன்னேன். அப்புறம், அப்படின்னா இன்னும் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பணும் என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது நான் தினமும் போகிறேன். தினமும் திட்டு வாங்குகிறேன், இன்றைக்குக் கூடை வளைந்துவிட்டது, நேற்று சீட்டில் மண். வரும்போது அவள் எனக்கு முன்னால் போகிறாள், மெதுவாகப் போ என்றால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. எனக்கு இடது தோள்பட்டை விட்டுப்போகிறது, அந்த ரவுண்டானா இன்னும் வசப்படவில்லை, எரிச்சல் எரிச்சலாக வருகிறது. இருந்தாலும் அவள் கேட்டில் இருந்து வெளியே வரும்போது இரண்டு பெண்கள் கூடவே வந்து நாளைக்கு எந்த மெஷின், எந்தக் காலர் என்று கேட்கிறார்கள், அவள் நின்று பதில் சொல்கிறாள், நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். பெட்டியை மட்டும் அவள் இன்னும் பீரோ மேலே ஏற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, காலில் இடித்துக்கொண்டு.

உனக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை கண்ணு. குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி டியூட்டி பார்ப்பது எனக்குப் புரிகிறது. நான் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் இங்கே சைக்கிளை யார் கொண்டுபோவது என்று வந்து நிற்கிறது. கம்பெனியில் வருஷ விடுமுறை விடும்போது இரண்டு பேருமே வருகிறோம், அதுவரை மாப்பிள்ளையோடு பேசி அங்கேயே நம்பிக்கையான ஆளாகப் பார், காப்பகம் இருந்தாலும் சரி. நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள், அதுதான் எனக்குப் பயம். உன்னிடம் அவளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில் வா என்று கூப்பிடாதே. வரவேண்டாம் என்றும் சொல்லிவிடாதே, மனசு உடைந்துபோவாள். வேலை எப்படிம்மா இருக்கிறது என்று கேள். நீ இத்தனை வருஷமாகப் போன் பண்ணுகிறாய், கால்வலியைக் கேட்டிருக்கிறாய், மாத்திரையைக் கேட்டிருக்கிறாய், அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் அது கிடக்குது போ என்பாள். போனை வைத்துவிடாதே, இன்னொரு தடவை கேள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குட்டிப் பயலுக்கு முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசி. நைட் டியூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. நான் எழுதினதாக அம்மாவிடம் மூச்சு விடாதே. மணியாகிவிட்டது, இரண்டு சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

இப்படிக்கு
உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அப்பா