எட்டாம் அறையின் எண்

இன்று காலை பார்சலைப் பிரித்ததும் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. மெர்சிங் மீன் கிடங்கிலிருந்து நம் பழைய எலக்ட்ரானிக் போர்டு ஒன்று ரிப்பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து செய்தது. திரைக் கண்ணாடி உடைந்துவிட்டது, புரோகிராம் இன்னும் ஓடுகிறது. நீ கை வைத்ததாயிற்றே, ஓடாமல் என்ன செய்யும்? பார், நீ போய் ஒரு வருடமாகியும் என் வாய் மாறவில்லை.

ஸ்கூடாயில் இந்தச் சின்னக் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பொந்தியான்காரி, நீ காஹாங் எஸ்டேட்டிலிருந்து வந்தவள். எனக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலையை நீ மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, "ஏய், பசிக்குது, மக்கான் போலாமா?" என்று நாற்காலியைச் சுழற்றுவாய். நான் சிரித்தபடி எழுந்து வருவேன். என் வயிறு பசியில் எரியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மெர்சிங்கில் எட்டுக் குளிர் அறைகள். அறைக்கு ஒன்றாக எட்டு வெப்பநிலைகளை அளந்து, நினைவகத்தில் வரிசையாக வைத்து, திரையில் காட்டுவது உன் பகுதி. அவற்றை வாங்கிச் சராசரி போட்டு, அளவு மீறினால் அலாரம் அடிப்பது என் பகுதி. அந்தச் சிப்பில் இடம் கொஞ்சம். அதனால் எட்டு எண்களையும் நகலெடுத்துத் தராமல், வரிசை தொடங்கும் இடத்தின் முகவரியை மட்டும் தந்தாய். முகவரி இருந்தால் போய்ப் பார்க்கலாம், போய்க் கலைக்கவும் செய்யலாம். நான் கலைத்தேன். சராசரிக்கு முன் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் தள்ளுவதற்காக, எட்டையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். என்னிடம் வந்தது நகல் என்ற நினைப்பு. அடுக்கியதோ உன் அசலை.

ஆபீஸில் சோதித்தபோது எட்டு சென்சாரும் ஒரே மேசையில் கிடந்தன. எல்லா எண்ணும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மெர்சிங்கில் மாட்டிய மறுநாளே கிடங்கு முதலாளியான தௌக்கே போனில் கத்தினார். முதல் அறைக் கதவைத் திறந்து வைத்தால் எட்டாம் அறையின் எண் ஏறுகிறதாம். பள்ளி அசெம்பிளியில் உயரப்படி நிறுத்திய பிள்ளைகள் மாதிரி, எண்கள் எப்போதும் ஒழுங்காகவே நின்றனவாம்.

திரை உன் பகுதி. "என்னம்மா இது, வயர மாத்திக் குடுத்துட்டியா?" என்று பாஸ் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டார். நீ ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு மெர்சிங் கிளம்பினாய்.

நீ கிளம்பிய மத்தியானமே என் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தப்பு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அடுத்த கோழிப்பண்ணை வேலைக்கு யார் லீடர் என்று பாஸ் அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தார். ஒரே ஒரு தடவை நீ சறுக்கி விழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நீயே கூப்பிட்டாய். "அலமாக், ஒவ்வொரு வயரா பாத்துட்டேன்டி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. கையெல்லாம் வெறச்சுப் போச்சு."

"இன்னொரு தடவ நல்லா பாரு" என்றேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் ஃபைலைத் திறந்து, அடுக்குவதற்கு முன் எண்களைத் தனியாக நகலெடுக்கும் நாலு வரியை எழுதினாய். முகவரியை வாங்கும் இடத்தில், அசலை யாரும் மாற்ற முடியாதபடி ஒரு பூட்டும் போட்டாய். பக்கத்தில் மலாயில் ஒரு குறிப்பு: "தெங்ஙோக் சஜா, ஜாங்ஙான் ஊசிக்." பார்க்க மட்டும், தொடாதே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாஸிடம் போய், "சரியாயிருச்சு பாஸ்" என்றதோடு சரி. லீடர் வேலை எனக்கு வந்தது. நீதான் கேக் வாங்கி வந்தாய். அதன் பிறகும் சந்தேகம் என்றால் எல்லாரும் உன் மேசைக்குத்தான் போனார்கள். பதவியை வாங்கியவளும் நான், உன் மேசையைப் பார்த்துப் புழுங்கியவளும் நான்.

இன்று ரிப்பேருக்காக ஃபைலைத் திறந்து அந்தக் குறிப்பை மறுபடி படித்ததும் பொறுக்க முடியவில்லை. பாஸ் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த மெர்சிங்? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. அவ வேலையில நான் தப்பே பாத்ததில்லலா." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "நீயும் நல்லாத்தான் செய்ற" என்றார்.

மனசு லேசாகும் என்றுதான் போனேன். செத்துப்போனவளிடமும் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வருகிறது, உன்மேல்தான்.

"என் தப்புடி" என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தும், மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். சொல்லியிருந்தால் உன் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "தெரியும்லா. நீ சாப்ட்டியா?" என்றிருப்பாய். அதற்கும் உன்மேல் பொறாமைப்பட்டிருப்பேன்.