தலை குனியாத பல்லி

புது ரப்பர் வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் ஆயிற்று. காலையில் பேருந்து நிலையத்துப் பக்கம் நாம் வழக்கமாக வாங்கும் கேமரா கடைக்குப் போய் ஒரு பல்லி வாங்கி வந்தேன். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். உன்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் வேறு எப்படி வாங்குவாள்?

"பல்லியா? எதிர்ல மருந்து கடைல கேளுங்கம்மா" என்றான் கவுன்டரில் இருந்த புதுப் பையன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கால்களை இஷ்டத்துக்கு வளைத்து நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் சுற்றி நிறுத்துகிற குட்டி ட்ரைபாடுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நீ. பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்தவள், ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இதையும் தொட்டு கும்புட்டுக்கடி, இதான் நமக்கு சோறு போடுது" என்றாய். அன்றிலிருந்து அது பல்லிதான்.

சோறு போட்டது உண்மை. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்கள்தான் வேண்டும் என்று நம் இரண்டு பேரையும் தேடி வருவார்கள். பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையில் பெரிய ஸ்டாண்டை எங்கே விரிப்பது? ஓடுகிற குழந்தை ஏதாவது தட்டிவிட்டால் கேமரா போச்சு. மணப்பெண் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இங்க பாருமா, நான் இங்கதான் இருக்கறேன்" என்பாய். உடனே நிமிர்ந்துவிடுவாள். அந்தக் குரலுக்கு நிமிராத பெண்ணை நான் பார்த்ததில்லை.

முதல் பல்லி வாங்கப் போன அன்று கடை முதலாளியை நீ படுத்திய பாடு நினைவிருக்கிறதா? "அஞ்சு கிலோ தாங்கும்மா, பெட்டியிலயே போட்டிருக்குது" என்றார். "நேரா வச்ச கல்லுக்குப் போட்ட கணக்குப்பா அது. என் லென்ஸு முன்னாடி துருத்திக்கினு இருக்குது, அது பெட்டிக்குத் தெரியுமா?" என்றாய். கனமான கேமராவை அதில் மாட்டி, காலை வளைத்து மேஜை விளிம்பில் சுற்றிவிட்டு, பக்கத்துக் கடையில் டீ சொன்னாய். டீ குடித்து முடிக்கும் வரை லென்ஸ் தலை குனியாமல் இருந்தால்தான் பேச்சு. பாதி டம்ளரிலேயே அது சாப்பாட்டுக்குப் பின் தூங்கி விழும் மாமா மாதிரி மெல்லக் கவிழ்ந்தது. "பாத்தியாப்பா, உன் அஞ்சு கிலோ கும்புடு போடுது" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. பையன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "ரிவ்யூ பாருங்கம்மா, எவ்ளோ ஸ்டாரு" என்றான். "ஸ்டாரு வந்து கேமராவ புடிச்சிக்கினு நிக்குமா?" என்றேன். "பழைய கேமராதானே, இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆவறீங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சோதித்துப் பார்க்க நான் கொண்டுபோனது உன் கேமரா. உன் மகள் புனேயில் வேலை கிடைத்து, வரும் வாரம் கிளம்புகிறாள். உன் புடவைகளைக் கூட வேண்டாம் என்றவள் இதை மட்டும் எடுத்துப் போகிறாள். பெரிய ஸ்டாண்டு அவள் பைக்குள் போகாது. அங்கே ஏதோ ஒரு விடுதி மேஜையிலிருந்து இது கவிழ்ந்தால், உன்னுடையது என்று அவள் கையில் வேறு எதுவும் இல்லை.

அதனால் உட்கார்ந்துவிட்டேன். டீ வரவழைத்தேன். காட்டியதெல்லாம் வரிசையாகத் தலை குனிந்தது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். மூட்டுகள் தடிமன், வளைப்பதற்குள் கட்டை விரல் வலித்தது. நீ செய்வது போலவே ஒரு காலை லென்ஸுக்கு நேர் கீழே நீட்டி வைத்தேன். டீ தீர்ந்தது. அசையவில்லை.

வெற்றிதான், ஆனால் வரும் வழியெல்லாம் உன் மேல்தான் எரிச்சல். பெட்டியில் அச்சடித்ததை நம்பாதவள், கம்பெனிக்காரன் சத்தியம் செய்தாலும் நம்பாதவள், அன்றைக்கு ஐயம்பேட்டைக் கல்யாணத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "கேஸுமா. காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல இல்ல." ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "கல்யாணப் பொண்ணு வர நேரத்துலயா? சோடா வாங்கியா போதும்" என்றாய். நீயே ஒரு பெயர் ஒட்டினாய், அதை நீயே நம்பினாய். ஊரில் இருக்கிற ட்ரைபாடையெல்லாம் சோதித்தவளுக்குத் தன் நெஞ்சைச் சோதிக்க ஒரு டீ நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் நீ இல்லை. இதை நான் மன்னிப்பதாக இல்லை, தெரிந்துகொள்.

சாயங்காலம் உன் வீட்டில் பல்லியைக் கொடுத்தேன். "பெரிம்மா, மொத படம் நாமளே எடுத்துக்கலாம்" என்றாள் உன் மகள். ஜன்னல் கம்பியில் சுற்றி, டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் நின்றாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. இங்க பாருங்க என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை.

படம் துளி ஆடாமல் வந்திருக்கிறது. ஆனால் மூன்று பேர் கண்ணும் லென்ஸில் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே, நீ நிற்கிற உயரத்தில் இருக்கிறது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.